அறைக்குக் குளிர், ஒழுங்கைக்கு வெப்பம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று எழும் புதிய கல்வீடுகளிற் பலவற்றின் படுக்கையறைச் சுவரிலே ஒரு துவாரம் காணப்படுகின்றது. சாந்து பூசுவதற்கு முன்னரே மேசன் அதனை விட்டுவைக்கின்றார். இரண்டு செப்புக் குழாய்களும் ஒரு மின்வடமும் நீர் வடியும் குழாயொன்றும் செல்லுதற்குரிய வழி அது. காற்று எத்திசையிலிருந்து அறைக்குள் வரும், பிற்பகல் வெயில் எந்தச் சுவரிற் படும், கூரையில் ஏறிய சூடு இரவில் எவ்வழியே வெளியேறும் என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்பே இத்துவாரத்தின் இடம் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. சன்னலின் இடத்தைப் பற்றி வாதிடாத குடும்பம் துவாரத்தின் இடத்தைப் பற்றி வாதிடுகின்றது. ஈழத்துத் தமிழர் வீடு கட்டும் முறையில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மாற்றம் முழுவதையும் இவ்வொரு துவாரத்தினூடாகவே பார்த்துவிடலாம்.

வளிச்சீராக்கி ஒரு தீய பொறி என்பது ஈண்டு முன்வைக்கப்படும் வாதமன்று. 2003 ஆம் ஆண்டின் கோடையில் ஐரோப்பாவில் ஏற்பட்ட வெப்ப அலையில் 70,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். வெப்பம் உயிரைக் கொல்லும் என்பதும், குளிர்ந்த அறை உயிரைக் காக்கும் என்பதும் மறுக்கவியலாத உண்மைகள். நோயாளிக்கும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் குளிர்ந்த அறை ஆடம்பரமன்று. ஆயின், சமூகம் முழுவதையும் தாக்கும் வெப்பத்தைப் பணமுள்ளவன் தன் அறையளவில் தீர்த்துக்கொள்கின்றான். தீர்த்துக்கொண்டதும் அப்பிரச்சினை ஏனையோருக்கும் தீர்ந்துவிட்டதாகக் கருதுகின்றான். கண்டிக்கப்பட வேண்டியது பொறியன்று, இந்த மனப்பாங்கே.

இப்பொறியின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில் ஈரப்பதனாற் காகிதம் சுருங்கி விரிவதைத் தடுப்பதற்காக வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர் வகுத்த முறையே நவீன வளிச்சீராக்கலின் தொடக்கம் எனப்படுகின்றது. அது மனிதனின் வசதிக்காகப் பிறந்ததன்று. காகிதத்தின் நலத்துக்காகப் பிறந்தது. பின்னர் அமெரிக்காவிற் பெருங் கட்டடங்களிலும் வீடுகளிலும் தகரக் குழல்வழிகளினூடாகக் குளிர்காற்றை அறைதோறும் அனுப்பும் முறை பரவிற்று. குழல்வழி அமைப்பதற்குக் கூரையடியில் இடமும் பெருஞ் செலவும் வேண்டும். சிறிய வீடுகளைக் கொண்ட யப்பானில் 1961 ஆம் ஆண்டு தோஷிபா நிறுவனம் பொறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அறைச்சுவரிலும் மறுபாதியை வெளியிலும் பொருத்தும் முறையை அறிமுகஞ் செய்தது. குழல்வழி வேண்டா, மூன்றங்குலத் துவாரம் போதும். 'ஸ்பிளிற்' என இன்று எவரும் அழைக்கும் வளிச்சீராக்கி இதுவே. கட்டி முடிந்த எந்த வீட்டிலும், எந்த அறையிலும், அரை நாளில் இதனைப் பொருத்திவிடலாம். அதன் சிறப்பும் அதுவே. அதன் சமூக விளைவுக்குக் காரணமும் அதுவே. முழுக் கட்டடத்தையும் சிந்திக்க வேண்டிய தேவையை அது ஒழித்துவிட்டது.

இப்பொறி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகின்றது; அவ்வளவே. 12,000 பி.ரி.யூ. எனக் குறிக்கப்படும் சாதாரண அறைப்பொறி முழுவலுவில் இயங்கும்போது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாற்று வெப்பத்தை அறையிலிருந்து அகற்றுகின்றது. அதற்காக ஏறத்தாழ ஒரு கிலோவாற்று மின்சாரத்தைச் செலவிடுகின்றது. அந்த மின்சாரமும் ஈற்றில் வெப்பமாகவே மாறுவதால், வெளியே தள்ளப்படுவது மூன்றரையன்று, நாலரைக் கிலோவாற்று. அறை இழந்ததைவிட ஒழுங்கை பெற்றது கூட என்பது இயற்பியல் விதி, இதற்கு விலக்கில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கி நிற்கும் அடுக்குமாடிகளுக்கிடையே செல்வோர் இவ்விதியை உடலாலேயே உணரலாம். கடற்காற்று வரவேண்டிய இடைவெளிகளில் வெளிப்பொறிகள் தட்டுத் தட்டாகத் தொங்குகின்றன. மூன்றாம் மாடியின் வெப்பம் நான்காம் மாடியின் சன்னலுக்குச் செல்கின்றது. நான்காம் மாடிக்காரர் சன்னலை மூடுகின்றார். பின்னர் அவரும் ஒரு பொறி வாங்குகின்றார். வாங்க இயலாதவர் மின்விசிறியின் கீழ் அயலவரின் வெப்பத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றார்.

இதனைச் சுட்டிக்காட்டுவோரை நோக்கி இரு திசைகளிலிருந்து மறுப்புக் கூறப்படுகின்றது. முதலாவது, வளர்ச்சியின் பெயரால் எழும் மறுப்பு. சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூ தம் நாட்டின் முன்னேற்றத்தில் வளிச்சீராக்கி பெற்ற பங்கை வெளிப்படையாகப் பாராட்டியவர். பதவிக்கு வந்ததும் அரச அலுவலகங்களில் அதனைப் பொருத்துவித்ததாகக் கூறியவர். வெப்பவலய நாடொன்று உழைத்து முன்னேறுவதற்குக் குளிர்ந்த அறை வேண்டுமென்பதற்கு அவரே சான்றாகக் காட்டப்படுகின்றார். சான்று பொய்யன்று, எனினும் பாதியே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அவர் முதலிற் குளிரூட்டியது தம் படுக்கையறையையன்று, பொதுமக்களுக்குப் பணிபுரியும் அலுவலகங்களை. அதே ஆட்சி 1963 ஆம் ஆண்டில் மரநடுகை இயக்கத்தையும் 1967 ஆம் ஆண்டிற் பூங்கா நகரக் கொள்கையையும் தொடங்கி, தெருத்தோறும் நிழலைப் பொதுச் சொத்தாக்கியது. இவ்வளவுக்குப் பின்னரும் நகர வெப்பம் அந்நாட்டுக்குப் பெருஞ் சிக்கலாகி, 2017 ஆம் ஆண்டு முதல் அதனைத் தணிக்கும் வழிகளை ஆராய்வதற்கெனத் தனித் திட்டமொன்று அங்கு இயங்கலாயிற்று. சிங்கப்பூரை உதாரணங் காட்டுவோர் அதன் பொறியை மட்டும் வாங்கி, மரத்தை விட்டுவிடுகின்றனர். இங்கோ வீட்டுக்கு மதில் எழுப்புவதற்காக வேம்பு தறிக்கப்படுகின்றது. முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிப்பதற்காக மா தறிக்கப்படுகின்றது. நிழலிழந்த சுவரின் மேல் வெளிப்பொறி ஏற்றப்படுகின்றது.

இரண்டாவது மறுப்பு, பழமையின் பெயரால் எழுவது. முன்னோர் நாற்சார் வீட்டில் வாழ்ந்தனர். அவர்களுக்கு எந்தப் பொறியும் தேவைப்படவில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இவர்களது வாதம். நாற்சார் வீட்டின் கட்டட அறிவு மெச்சத்தக்கதே. நடுவே திறந்த முற்றம். அதனைச் சூழ்ந்து விறாந்தை. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர். சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற இடந்தரும் ஓட்டுக்கூரை. சுவரில் வெயில் படாதவாறு தாழ இறங்கும் தாழ்வாரம். சோளகம் வரும் திசையும் வாடை வரும் திசையும் அறிந்து வாசல் வைத்தவர்கள் அதனைக் கட்டினர். இவையனைத்தும் மெய். ஆனால் அந்த வீடு எவருடைய வீடு? நிலமும் பொருளும் உடைய குடும்பங்களின் வீடு. அதன் சுண்ணாம்பை நீற்றியவனும், அதன் கிணற்றைத் தோண்டியவனும், அதன் வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவனும் அதன் விறாந்தையில் அமர்ந்து காற்று வாங்கவில்லை. படலைக்கு அப்பாலோ முற்றத்தின் ஓரத்திலோ நின்றனர். அக்காலத்திலும் குளிர்ச்சி பங்கிடப்படவில்லை. நாற்சார் வீட்டை முழுச் சமூகத்தின் மரபாகப் போற்றுவோர் இதனை மறைக்கின்றனர். நாற்சார் வீட்டின் கட்டட அறிவு எடுத்துக்கொள்ளப்பட வேண்டியது. அதன் சமூக ஒழுங்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டியதன்று.

அவ்வறிவைப் புதிய காலத்துக்கு ஏற்பப் பயன்படுத்த இயலாதென்பதும் உண்மையன்று. மினெற் டி சில்வாவும் ஜெப்ரி பாவாவும் இந்நாட்டிலேயே அதனைச் செய்துகாட்டினர். 1960 களின் தொடக்கத்திற் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா அமைத்த வீடு, நகரத்தின் நெருக்கமான காணித்துண்டில், நடுமுற்றத்தையும் ஆழ்ந்த தாழ்வாரங்களையும் கொண்டு எழுந்தது. ஆயின் அந்த முயற்சியும் செல்வர் வீடுகளோடும் சுற்றுலா விடுதிகளோடும் பெரும்பாலும் நின்றுவிட்டது. பத்துப் பேர்ச்சஸ் காணியில் வங்கிக் கடனோடு வீடு கட்டும் ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ அதனை எளிமையாக்கித் தருவார் இலர். அவ்விடத்தை நிரப்பியது கொங்கிறீற்றுத் தட்டுக்கூரை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, மனிதன் உறங்கச் செல்லும் நேரத்தில் அதனை அறைக்குள் உமிழ்வது அதன் இயல்பு. அத்தோடு மேற்கு நோக்கிய கண்ணாடிச் சன்னல், திறவாத மேற்பாதி, நிழலற்ற சுவர். இவ்வீட்டில் இரவிற் புழுங்குவது வானிலையின் குற்றமன்று, வரைபடத்தின் குற்றம்.

சன்னலைத் திறந்தால் நுளம்பு வரும், டெங்கு வரும், கள்வன் வருவான் என்பார் கூற்றில் நியாயமுண்டு. ஆனால் நுளம்புக்கு விடை வலை. கள்வனுக்கு விடை இரும்புக் கம்பி. இரண்டும் வளிச்சீராக்கியின் விலையிற் சிறு பகுதியே. அவை புறக்கணிக்கப்படுவதற்குக் காரணம் செலவன்று, மதிப்பு. வலையடித்த சன்னல் மதிப்பைத் தருவதில்லை. சுவரில் ஒளிரும் பொறி தருகின்றது. புலம்பெயர்ந்த உறவினர் விடுமுறைக்கு வரும்போது ஓர் அறையாவது குளிராக இருக்க வேண்டுமென்று கருதிப் பொருத்துவோரும் பலர். அவ்வுறவினர் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருகின்றனர். அது சோளகம் வீசும் காலம். வாசலில் வந்து நிற்கும் காற்றை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பொறியை முடுக்குவதற்குப் பெயர் விருந்தோம்பல் எனப்படுகின்றது.

இதே சமூகம் வெப்பத்தைப் பற்றி மிகச் சரியாகச் சிந்தித்த காலமொன்றும் உண்டு. போரில் வீடிழந்த வடக்குக் கிழக்கு மக்களுக்கு 65,000 பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டம் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டபோது, பொறியியலாளரும் விரிவுரையாளரும் மக்கள் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். உருக்கினால் அமைந்த வீடு இந்நாட்டின் வெப்பத்துக்கு ஒவ்வுமா, அதன் ஆயுள் எவ்வளவு, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் அதனால் வேலை உண்டா, இவ்விலைக்குக் கல்வீடு எத்தனை கட்டலாம் என்று வினவினர். திட்டம் ஈற்றிற் கைவிடப்பட்டது. ஏழையின் வீட்டைப் பற்றி அன்று கேட்கப்பட்ட அவ்வினாக்கள் யாவும் நேர்மையானவை. அவற்றைக் கேட்ட நடுத்தர வர்க்கம், தன் வீட்டைக் கட்டும்போது அவற்றுள் ஒன்றையேனும் கேட்கின்றதா? பொருத்து வீட்டிற் குறையாகக் கருதப்பட்ட வெப்பம், சொந்த வீட்டில் வளிச்சீராக்கி பொருத்துதற்குரிய நியாயமாக மாறிவிடுகின்றது.

பொருத்தும் தொழிலின் நிலையும் நோக்கற்பாலது. அறையின் நீள அகலம், கூரையின் வகை, சுவரில் வெயில் படும் நேரம், உறங்குவோர் தொகை ஆகியவற்றைக் கணித்தே பொறியின் அளவு தீர்மானிக்கப்பட வேண்டும். நடைமுறையிலோ 'பெரிய அறை' என்னும் ஒரு சொல்லே கணிப்பாக அமைந்து, 12,000 போதுமான இடத்தில் 18,000 விற்கப்படுகின்றது. அளவுக்கு மிஞ்சிய பொறி, சிறப்பாக வேகத்தை மாற்றவியலாத பழைய வகை, விரைவிற் குளிரூட்டி விரைவில் நின்றுவிடுகின்றது. காற்றின் ஈரத்தை அகற்ற அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அறை குளிர்ந்தும் ஈரலிப்பாகக் கிடக்கின்றது. குழாய்களை இணைத்தபின் வெற்றிடப் பம்பியால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அகற்ற வேண்டும். அவசரத்தில் அது தவிர்க்கப்பட்டு, குளிர்வாயுவைக் கொண்டே காற்று வெளியே ஊதித் தள்ளப்படுவதுண்டு. வடிகுழாய் அயலவரின் மதிலில் வடிகின்றது. நான்காம் மாடியின் விளிம்பில், இடுப்புப் பட்டியுமின்றி, வெளிப்பொறியைத் தோளில் தாங்கி நிற்கும் இளைஞனை எவரும் கவனிப்பதில்லை. அவனுக்கு முறையான பயிற்சியுண்டா, விழுந்தால் அவன் குடும்பத்துக்குப் பொறுப்பாவார் யார் என்னும் வினா, விலைச்சிட்டையில் இடம்பெறுவதில்லை. 'பொருத்துதல் இலவசம்' என்னும் விளம்பரத்தின் பொருள், அவ்வுழைப்புக்கு விலையில்லை என்பதே.

வெளியேறும் வாயுவின் கணக்கும் சிறிதன்று. பழைய குளிர்வாயுக்கள் ஓசோன் படையை அழிப்பதை 1974 ஆம் ஆண்டில் மொலினாவும் றோலண்டும் சுட்டிக்காட்டினர். 1987 ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989 ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. பின்னர் வந்த வாயுக்கள் ஓசோனை அழிப்பதில்லை. ஆயின் புவியை வெப்பமாக்குகின்றன. ஆர்-410ஏ என்னும் வாயு, நூறாண்டுக் கணக்கில், அதே நிறையுடைய காபனீரொட்சைட்டைவிட 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றது. ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. இவற்றையும் குறைப்பதற்காக 2016 ஆம் ஆண்டிற் கிகாலித் திருத்தம் எழுந்தது. ஒரு வீட்டுப் பொறியில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு இருக்குமெனக் கொண்டால், திருத்த வந்தவர் அதனைத் திறந்துவிடும் அந்தச் சில நிமிடங்களில் ஆர்-410ஏ வகையில் இரண்டு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடான கேடு விளைகின்றது. கிகாலியில் உலக நாடுகள் கூடி எழுதியது, ஒரு திருகாணியின் சுழற்சியிற் காற்றோடு போகின்றது.

மின்சாரத்தின் கணக்கை நோக்குவோம் எனின், சாதாரண மின்விசிறி இரவுக்கு எட்டு மணிநேரம் முப்பது இரவுகள் சுழன்றாலும் ஏறத்தாழ 17 அலகே செலவாகும். ஒரு கிலோவாற்றுப் பொறி அதே நேரம் முழுவலுவில் இயங்கினால் 240 அலகு. வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் 'இன்வேட்டர்' வகையில் அது பாதியாகக் குறைந்தாலும் 120 அலகு. கூரையிற் சூரியத் தகடு பொருத்தியிருப்பதால் தம் பொறி எவருக்கும் பாரமன்று என்பார் உளர். படுக்கையறைப் பொறி இயங்குவது இரவில். தகடு உறங்குவதும் இரவில். அந்நேரம் வரும் மின்சாரம் மலையகத்து நீர்த்தேக்கங்களிலிருந்தும், நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியிலிருந்தும், எண்ணெயிலிருந்தும் வருகின்றது. எண்ணெயின் விலை ரூபாவில் மட்டும் கொடுக்கப்படுவதன்று. சுன்னாகத்தில் அனல்மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரை மாசுபடுத்தியமை பற்றிய வழக்கில், 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. வேறோர் ஊரின் கிணறு, இவ்வூரின் குளிர்ந்த அறைக்கு விலையாகியிருக்கின்றது.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை இதற்குள் மறந்துவிடலாகாது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகத்தில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. ஒரு குமிழும் ஒரு விசிறியும் உடைய குடும்பமும் அவ்வுயர்வைத் தாங்கிற்று. அந்த இருண்ட இரவுகளிற் பொறிகள் யாவும் நின்றபோது, எந்த வீட்டில் வாழ இயலும், எந்த வீட்டில் இயலாது என்பது வெளிப்பட்டது. திறக்கக்கூடிய சன்னலும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் உடைய பழைய வீட்டார் உறங்கினர்; மூடிய கண்ணாடிக்குள் வாழ்ந்தோர் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் வந்தனர். மின்சாரம் மீண்டதும் அப்பாடம் மறக்கப்பட்டது.

செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, ஒழுங்கு முறை மாற வேண்டும். நிழல், கூரை, காற்றோட்டம், விசிறி, இறுதியாகவே பொறி என்பதே அறிவுடைய வரிசை. கூரைக்கு வெண்சுண்ணம் பூசுதல், மேற்குச் சுவருக்கு நிழல் தருதல், சன்னலுக்கு வலையடித்தல் என்பன செய்யப்பட்ட வீட்டிற் பொறியே வேண்டாதிருக்கலாம். வேண்டினும் ஓர் அறைக்குச் சிறியது போதும். இரண்டாவதாக, சட்டம் விழித்தெழ வேண்டும். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்புக் கட்டளைச் சட்டம், ஒருவன் கட்டும் வீடு அயலவனின் ஒளியையும் காற்றையும் பறிக்கலாகாதெனக் கருதி எழுந்தது. வெப்பத்தை அயலவன்மேற் கொட்டும் பொறி அக்காலத்தில் வீடுகளில் இல்லை. அந்நெறியை இன்றைய பொறிக்கும் விரித்து, வெளிப்பொறியின் இடமும் வடிநீரின் வழியும் கட்டட வரைபடத்தோடு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டுமென விதித்தல் தகும். மூன்றாவதாக, பொருத்துவோரும் திருத்துவோரும் தேசிய தொழிற்றகைமை பெற்றவராயும், காப்புறுதியும் பாதுகாப்புக் கருவியும் உடையவராயும் இருத்தல் வேண்டும். வாயுவைத் திறந்துவிடுதல் குற்றமாகக் கருதப்படல் வேண்டும். நான்காவதாக, தகரக் கூரையின் கீழ் வாழும் முதியவருக்கும் நோயாளிக்கும் குளிர்ந்த இடம் பொதுவில் வழங்கப்பட வேண்டும். ஊர்தோறும் உள்ள நூல்நிலையமும் சனசமூக நிலையமும் வெப்பம் மிகுந்த நாள்களில் அப்பணியை ஆற்றலாம். குளிரூட்டத் தகுந்த முதல் அறை அதுவே.

இப்பணியிற் பல்கலைக்கழகங்களின் பொறுப்புப் பெரிது. பொறியியற் பீடத்தில் வெப்பக் கணிப்புக் கற்பிக்கப்படுகின்றது. புவியியற்றுறையிற் காலநிலை கற்பிக்கப்படுகின்றது. தமிழ்த்துறையில் நாற்சார் வீட்டின் சொற்கள் கற்பிக்கப்படுகின்றன. மூன்றும் ஒரு வீட்டின் வரைபடத்தில் இன்னும் சந்திக்கவில்லை. பத்துப் பேர்ச்சஸ் காணியில், நடுத்தர வருவாயில், ஏழை உழைப்பாளியும் கட்டக்கூடிய குளிர்ந்த வீடொன்றின் வரைபடத்தைத் தமிழிலே அச்சிட்டு ஊருக்கு வழங்குதல், பட்டமளிப்பு விழா உரைகள் பலவற்றினும் மேலான தொண்டாகும்.

சர்வதேச ஆற்றல் முகவரகம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, உலகிலிருந்த வளிச்சீராக்கிகள் ஏறத்தாழ 160 கோடி. இப்போக்கு நீடித்தால் 2050 இல் அது 560 கோடியாகும். இத்தொகையுள் ஈழத்து வீடுகளின் பங்கு சிறிது. எனினும் பங்கு சிறிதாயினும் ஒழுங்கை தன்னுடையதே. அதில் நடப்பவரும் தன்னவரே. சுவரிலே துவாரம் இடுமுன் மேசனை நிறுத்தி, வெளியே தள்ளப்படும் வெப்பம் எவரிடம் செல்கின்றது என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்பாராயின், பாதி வேலை முடிந்ததாகும். அவ்வினாவைக் கேளாத சமூகம் அறை அறையாகக் குளிரும், ஊராக எரியும்.